எட்டாம் வீட்டில் சீரிஸ்

தேத்தண்ணித் தட்டோடு கதவுக்குப் பின்னால் நின்ற பத்மாசினிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"எட்டிலை செவ்வாய்தான், இல்லையெண்டு சொல்லேல்லை," என்றார் சாத்திரியார் கதிரவேலு, அவளுடைய சாதகத்தை மடியில் விரித்தபடி. "ஆனால் மகரத்திலை உச்சம். தனியாய் நிக்குது. குற்றம் கழிஞ்சுது தங்கச்சி, தாராளமாய்ச் செய்யலாம்."

அவர் தங்கச்சி என்றது, பெண் கேட்டு வந்திருந்த சோமசேகரத்தின் தாய் ஞானாம்பிகையை. மூத்த மகனைப் போன வருசம் ஷெல்லுக்குப் பறிகொடுத்தவள். மிஞ்சியிருக்கிற ஒருவன் ஆசைப்பட்ட பெண்ணுக்கு எட்டில் செவ்வாய், அது புருசனுக்கு ஆகாது என்று யாரோ காதில் போட, சாத்திரியாரையே உடுப்பிட்டிக்கு, பெண் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"செவ்வாயோடை வேறை ஒண்டும் சேரேல்லையே?" என்று ஞானாம்பிகை கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சோமசேகரம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். தாயின் பயத்தை வேரோடு பிடுங்கிவிடப் பார்த்தான்.

"அம்மா, இதெல்லாம் அரைகுறைக் கணக்கு. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலை சீரிஸ் எண்டு ஒரு சிறுகோள் சுத்துது. சிறுகோள்களுக்குள்ளை அதுதான் பெரிசு. ஆயிரம் கிலோமீற்றர் அகலம். அதையே விட்டிட்டுப் பாக்கிற சாதகத்துக்கு ஏன் பயப்பிடுறியள்?"

"தம்பி, ஒன்பதோடையே மாரடிக்க ஏலாமல் கிடக்கு, நீர் பத்தாவதையும் கொண்டு வாறீர்," என்று சாத்திரியார் சிரித்தார்.

ஞானாம்பிகை சிரிக்கவில்லை.

"இந்தப் பிள்ளை பிறந்த அண்டைக்கு அது எங்கை நிண்டது?"

பத்மாசினிக்கு விடை தெரியும். போன மாதம் அவளுடைய பிறந்தநாளுக்கு அவன் சேலை ஒன்றும் கொண்டுவரவில்லை. பழைய வானியல் புத்தகங்களோடு மல்லுக்கட்டி, அவள் பிறந்த அன்று சீரிஸ் நின்ற இடத்தைக் கணக்குப் போட்டு வந்து சொன்னான். இப்படி ஒரு பரிசு ஆர் தருவினம் என்று அவளும் உருகிப்போனாள். இப்போது கதவிடுக்கால் கண்ணைக் காட்டினாள். தெரியாதெண்டு சொல்லுங்கோ, தெரியாதெண்டு சொல்லுங்கோ. அவன் பார்த்தான். முகம் வெளுத்தது. பொய் பழகாத வாய் அவனுக்கு.

"மகரத்திலை," என்றான். "செவ்வாய்க்குக் கிட்ட."

சாத்திரியாரே பதறினார். "தங்கச்சி, சாத்திரத்திலை அப்பிடி ஒரு கிரகமே இல்லை!"

"சாத்திரத்திலை இல்லாததுக்குப் பரிகாரமும் இல்லைத்தானே, ஐயா," என்றாள் ஞானாம்பிகை.

"அது வெறும் கல்லம்மா!"

"ஆயிரம் கிலோமீற்றர் எண்டு நீதானே சொன்னனி."

பத்மாசினியின் அப்பா நமசிவாயம் எழும்பினார். ஆரிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் மறுபடி கதிரையில் இருந்தார்.

ஞானாம்பிகை உள்ளே வந்தாள். தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பத்மாசினியின் கன்னத்தைத் தடவினாள்.

"உன்னிலை ஒரு குறையுமில்லைப் பிள்ளை. இன்னொருக்கால் தாங்க எனக்கு ஏலாது."

கோபிக்கக்கூட பத்மாசினிக்கு ஓர் ஆள் அகப்படவில்லை.

படலைக்கு வெளியே சோமசேகரம் தாயைச் சைக்கிளின் பின்கரியரில் ஏற்றி மிதித்தான். ஒழுங்கை முடியுமட்டும் ஒரு கையைத் தூக்கித் தூக்கி எதையோ விளக்கிக்கொண்டே போனான். அவன் கை உயர்ந்த போதெல்லாம் ஞானாம்பிகை மகனுடைய சேர்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.