மூன்றாம் மாடிக் கடலும் ஒரு திருத்தப் படிவமும்

பல்கலைக்கழகக் கடல்சூழல் மீட்புத் துறையின் மூன்றாம் மாடியில், தலைமை எழுத்தரின் அறைக்குள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்குக் கடல் வந்தது. நீளம் ஆறு மீட்டர், அகலம் ஆறு மீட்டர், நீர் இறங்கும் வற்றத்தில் முழங்கால் ஆழம், நீர் உயரும் ஏற்றத்தில் இரண்டு மீட்டர். அனுமதிக் கடிதத்தில் எழுதியிருந்த அளவும் அதுதான், ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மற்றபடி கடல் இருப்பது அங்கிருந்து நாற்பது நிமிட பஸ் தூரத்தில். இது எந்த வழியாக வந்தது என்று வாசல் காவலாளியைக் கேட்டார்கள். மாடிப்படி வழியாகத்தான், யாரையும் இடிக்காமல் ஓரமாக ஏறிப்போனது என்றார். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை.

இதற்கெல்லாம் காரணம் அந்தத் துறையில் ஆய்வுப் படிப்புப் படித்த ஒரு மாணவி. அவளை எல்லாரும் புல்லுக்காரி என்றார்கள். அழிந்துபோன கடற்புல் வெளியைத் திரும்ப வளர்த்துக் காட்டுவது அவளுடைய ஆய்வு. நாற்று நாற்றாகக் கடலடி மணலில் நட்டு, வளைத்த கம்பியால் ஊன்றி, ஒரு வருடம் கழித்துப் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தால் பட்டம். மூன்று முறை நட்டாள். முதல் தடவை படகு நங்கூரம் வாரிக்கொண்டு போனது. இரண்டாம் தடவை புயல். மூன்றாம் தடவை எதனால் செத்தது என்று அவளுக்கே தெரியவில்லை, அதுதான் ரொம்ப வலித்தது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் கால அவகாசம் இருந்தது. அதுவும் போனால் பேரை அடித்துவிடுவார்கள், நாலு வருடப் படிப்பு அத்தோடு சரி.

அவள் அம்மா பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். கடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் இருவருக்கும் வீடு. ஆய்வேடு பைண்டிங் செய்வதில் அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனையோ பேருடைய ஆய்வேட்டைத் தைத்து, அட்டை ஒட்டி, தங்க எழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மகளுக்கென்று நல்ல கருநீலத் துணி ஒன்றை வாங்கி அலமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்து நாலு வருடம் ஆகிவிட்டது. மகள் சேர்ந்த முதல் மாதமே கேட்டாள். “ஏண்டி, கடலுக்கு அடியில புல்லு நடுறேங்கிற. சரி, எந்த மாடு வந்து மேயும்?” மகள் சிரித்துக்கொண்டே, கடல்பசு என்று ஒரு பிராணி இருக்கிறது, ஆள் நீளத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும், அது இந்தப் புல்லைத்தான் தின்னும், ஆனால் இந்தப் பக்கம் முப்பது வருடமாக வருவதில்லை என்றாள். “அப்போ வராத மாட்டுக்குத்தான் புல்லு போடுற. நல்லா படிச்ச போ!” என்றாள் அம்மா.

நாலாவது முறைக்குப் புது அனுமதி வாங்க வேண்டியிருந்தது. துறையில் இடம் குறிக்கும் கைக்கருவி ஒன்று உண்டு. நின்ற இடத்தில் பொத்தானை அழுத்தினால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகும். பேட்டரி இருக்கிறதா என்று பார்க்கத் தன் மேசையில் உட்கார்ந்தபடியே புல்லுக்காரி ஒரு தரம் அழுத்தினாள். பிறகு பஸ் ஏறி, படகு ஏறி, கடலில் சரியான இடத்தில் இன்னொரு தரம் அழுத்தினாள். படிவம் நிரப்பும்போது அவசரத்தில் முதல் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டாள். அந்தக் கருவிக்கு ஐந்து மீட்டர் பிழை உண்டு. ஆகவே அவள் மேசை தப்பியது, சுவருக்கு அப்பால் இருந்த தலைமை எழுத்தரின் மேசை மாட்டிக்கொண்டது. அதே படிவத்தில் ‘இதர உயிரினங்கள்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கோடு போட்டாள். எல்லாரும் அதில் கோடுதான் போடுவார்கள். அவளுடைய கைடு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அவர் பதினோரு நாடுகளில் கடலைப் பற்றிப் பேசியவர், கணுக்கால் நனைந்து பதினோரு வருடம் ஆனவர். கடைசியில் தலைமை எழுத்தர் எண்களில் எத்தனை இலக்கம் இருக்கிறது என்று மட்டும் எண்ணிப் பார்த்து முத்திரை குத்தினார். விதி அவ்வளவுதான் கேட்டது. மனிதர்கள் படிக்காத கடிதத்தைக் கடல் வரி விடாமல் படித்துவிட்டது.

தலைமை எழுத்தருக்கு மாணவர்கள் வைத்த பேரே முத்திரை. கடல் வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார், எழுந்திருக்கவில்லை. அறை எட்டு மீட்டர் நீளம், ஓரத்தில் இரண்டு மீட்டர் காய்ந்தேதான் இருந்தது, பீரோவும் அங்கேதான் நின்றது. மேசையை அங்கே நகர்த்திக்கொள்ளச் சொன்னார்கள். “இருக்கை ஒதுக்கீட்டு ஆணையில என் மேசை ஜன்னலோரம்னு இருக்கு. ஆணை மாறாம நான் எப்படி மாறுறது?” என்றார். பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வற்றத்தில் வேலை பார்த்தார். ஏற்றம் வந்தால் பைல்களைத் தலையில் வைத்துக்கொண்டு காய்ந்த பக்கம் போய் நின்றார். நகர்வுப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் ‘ஏற்றம்’ என்று எழுதி நேரம் போட்டார். கடலை வெளியே போகச் சொல்லவும் அவரால் முடியவில்லை, உள்ளே விட்ட முத்திரை அவருடையது.

நானூறு நாற்றுகள் ஆய்வகத் தொட்டியில் வாடிக்கொண்டிருந்தன. புல்லுக்காரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைடைக் கேட்டாள். அவர் விமான நிலையத்திலிருந்து பேசினார். “அனுமதி எங்க இருக்கோ அங்கதாம்மா நடணும். வேற எங்க நட்டாலும் செல்லாது.” அன்று மதியமே நீருக்கடியில் மூச்சு விடும் குழாயை மாட்டிக்கொண்டு தலைமை எழுத்தரின் அறையில் இறங்கினாள். கடல் தன்னோடு நல்ல மணலும் கொண்டுவந்திருந்தது, அதில் குறை சொல்லக் கூடாது. மேசைக் கால்கள் நான்கும் போக முந்நூற்றுத் தொண்ணூற்றாறு நாற்று நட்டாள். “சார், கொஞ்சம் காலைத் தூக்குங்க சார்” என்றபோது முத்திரை காலைத் தூக்கினார். ஆனால் மறுநாள் காலை அவர் மேசையில் திருத்தப் படிவம் இருந்தது.

படிவத்தைப் பார்த்ததும் அவள் அவர் மேசை முன் போய் நின்றாள். இடத்தைத் திருத்தினால் கடல் சொல்பேச்சுக் கேட்டு எழுந்து போய்விடும், புல் தரையில் காய்ந்து கிடக்கும். “ஒரே ஒரு வருஷம் சார். அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா பண்ணுங்க” என்று அழுதாள். “விதின்னு ஒண்ணு இருக்கும்மா. நான் போட்ட முத்திரை தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தா, இருபத்தாறு வருஷம் நான் குத்துனதுக்கெல்லாம் என்ன மதிப்பு?” என்றார் முத்திரை. கல்மனசு என்று அவரைத் திட்டாத மாணவர்கள் இல்லை. ஆனால் அவருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கப்படி படிவம் வெறுமையாகவே மேலே போகும். எல்லா மேசையிலும் ஒப்புதல் கையெழுத்து வாங்கித் திரும்பி வந்த பிறகுதான், எதைத் திருத்துவது என்று தலைமை எழுத்தர் எழுதி முத்திரை குத்துவார். ஒரு அனுமதிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு.

அப்படியாகப் படிவம் ஒரு பக்கம் மேசை மேசையாக நகர்ந்தது, புல் ஒரு பக்கம் இலை இலையாக வளர்ந்தது. பல்கலைக்கழகமே வேடிக்கை பார்த்தது. படிவம் நிதிப் பிரிவைத் தாண்டியபோது புல் இரண்டாம் கிளை விட்டது. சட்டப் பிரிவில் அது ஏழு வாரம் தூங்கிய சமயம் மேசைக்கு அடியில் பச்சைப்பசேல் என்று மூடிவிட்டது. புல்லுக்காரி மாதத்துக்கு ஒரு தரம் குழாயில் செய்த சதுரச் சட்டத்தைப் போட்டுத் தளிர்களை எண்ணினாள். நாலாவது மாதம் முத்திரை அவள் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, “என் நாற்காலிக்குக் கீழ பதினாலு விட்டுட்ட” என்றார். அவர் தினமும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்! அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள், எண்ணிக்கையில் சண்டையும் போட்டுக்கொண்டார்கள். மத்தியான வெயில் தண்ணீரில் பட்டு அறைக் கூரையெல்லாம் ஆடும். இருபத்தாறு வருடமாக அந்த அறைக்கு வேலை இல்லாமல் ஒருவரும் வந்ததில்லை. இப்போது தட்டச்சர்களும் தோட்டக்காரரும்கூட வந்து எட்டிப்பார்த்துவிட்டு, சாப்பிட்டீங்களா சார் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அது அவருக்குப் பிடித்திருந்தது, வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. தண்ணீர் சுத்தமாக இருந்தது, ரொம்பச் சுத்தமாக இருந்தது. பதினோரு மாதத்தில் ஒரு மீன் குஞ்சு வரவில்லை, நண்டு வரவில்லை, நத்தைகூட வரவில்லை. புல் மட்டும் தனியே நின்று அசைந்தது. பட்டத்துக்குப் புல்தானே கணக்கு என்று புல்லுக்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டாம் மாதம் வாய்மொழித் தேர்வு வைத்தார்கள், அந்த அறையின் காய்ந்த பக்கத்திலேயே, வற்ற நேரத்தில். வெளியூர்த் தேர்வாளர் டை கட்டிக்கொண்டு வந்தார், ஷூவைக் கையில் பிடித்திருந்தார். கைடு நேரே விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு வந்து சேர்ந்தார். அம்மா கடையைப் பாதி இறக்கிவிட்டு, கருநீலத் துணியில் பைண்டிங் செய்த ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றாள். அன்று காலைத் தபாலில் திருத்தப் படிவமும் திரும்பி வந்திருந்தது. பதினேழு கையெழுத்து முழுசாக விழுந்திருந்தது. முத்திரை அதை மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். புல்லுக்காரிக்குப் பாதிக் கண் அதன்மேல்தான் இருந்தது.

தேர்வாளர் சதுரச் சட்டத்தைத் தானே போட்டு எண்ணிப் பார்த்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பிழைத்திருந்தது. அறையில் எல்லாரும் மூச்சு விட்டார்கள். பிறகு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, “புல்லு இருக்கு, சரி. வளர்த்தது வேற, மீட்டது வேற. இதைத் தின்ன எது வந்தது? ஒரு பூச்சியாவது வந்துச்சா? யாரும் மேயாத இடத்தைப் புல்வெளின்னு நான் எப்படி எழுதிக் கொடுக்கிறது?” என்றார். நியாயமான கேள்வி. வாசலில் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதே கேள்வியை ஐந்து வருடத்துக்கு முன்பே தான் கேட்டுச் சிரித்தது நினைவு வந்து, அப்படியே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கைடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது முத்திரை எழுந்து, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் பீரோவைத் திறந்தார். பழைய அனுமதிக் கடிதத்தை எடுத்து முதன்முறையாக முழுக்கப் படித்தார். ‘இதர உயிரினங்கள்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினார். “சார், ஒண்ணும் வராததுக்குக் காரணம் புல்லு இல்ல. வர வேண்டாம்னு நாமதான் கோடு போட்டு வச்சிருக்கோம். முத்திரையும் நான்தான் குத்தியிருக்கேன்” என்றார். பிறகு மேசைக்குத் திரும்பி, திருத்தப் படிவத்தை எடுத்து விரித்தார். இடத்தைத் திருத்தினால் நாளை முதல் காய்ந்த தரை, காய்ந்த கால், ஓய்வு பெறும்வரை நிம்மதி. அது அவருக்கும் தெரியும், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். “சார், வேண்டாம் சார், உங்களுக்கு…” என்று புல்லுக்காரியே தடுத்தாள். “சும்மா இரும்மா. எழுத்தர் தப்பை எழுத்தர்தான் திருத்தணும்” என்று சொல்லி, இதர உயிரினங்கள் என்பதற்கு எதிரே ‘வரலாம்’ என்று எழுதி, ஓங்கி முத்திரை குத்தினார். இருந்த ஒரு திருத்தமும் அதில் தீர்ந்துபோனது.

முதலில் ஒரு நண்டு பீரோவுக்கு அடியிலிருந்து வந்தது. அதற்குள் ஏற்றம் தொடங்கிவிட்டது. தண்ணீர் ஏற ஏற இறால் வந்தது, விரல் நீள மீன்கள் கூட்டமாக வந்தன. ஒரு கடல்குதிரை முத்திரைக் கட்டையின் கைப்பிடியில் வாலைச் சுற்றிக்கொண்டு நின்றது. பிறகு மாடிப்படியில் யாரோ பெருமூச்சு விட்டு விட்டு ஏறிவருகிற சத்தம் கேட்டது. காவலாளி ஓடிவந்து, “சார், ஒண்ணு வருது, உங்க ரூம் எதுன்னு காட்டிட்டேன்” என்றார். சாம்பல் நிறத்தில், தடித்த மூக்கோடு, மூன்று மீட்டர் நீளத்துக்கு ஒரு கடல்பசு வாசலில் நின்ற அம்மாவை இடிக்காமல் ஒதுங்கி உள்ளே போயிற்று. மேசையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, ஜன்னலோரத்திலிருந்து நேராகக் கோடு கிழித்தாற்போல மேயத் தொடங்கியது. தேர்வாளர் பேனாவைத் தேடினார். புல்லுக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். “வந்துடுச்சுடி! வராதுன்னு நெனச்ச மாடு வந்துடுச்சு!” என்று அம்மா கத்தினாள், ஆய்வேட்டை நனையாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு. முத்திரை பார்வையாளர் பதிவேட்டைத் திறந்து நேரம் குறித்தார், நோக்கம் என்ற இடத்தில் ‘மேய்ச்சல்’ என்று எழுதினார்.

பட்டம் அந்த வருடமே கிடைத்தது. புல்லுக்காரி இப்போது கடலுக்குள்ளேயே நடுகிறாள். அனுமதிக் கடிதத்தில் எந்தக் கட்டத்திலும் கோடு போடுவதில்லை. முத்திரை ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் மாதத்துக்கு ஒரு நாள் வந்து தளிர்களை எண்ணி, புதுத் தலைமை எழுத்தரோடு சண்டை போட்டுவிட்டுப் போகிறார். அறை வாசலில் அலுவலக நேரத்துக்குப் பதிலாக ஏற்ற வற்ற அட்டவணை ஒட்டியிருக்கிறது, அதை வாரா வாரம் ஜெராக்ஸ் எடுத்து ஒட்டுவது அம்மா. சான்றிதழுக்கு முத்திரை வாங்கப் போகிறவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். கடல்பசு உள்ளே இருந்தால் வெளியே வரிசையில் நிற்க வேண்டும். அது முதலில் வந்தது, அது மேய்ந்து முடித்த பிறகுதான் மற்றவர்கள்.