கட் சொல்லாத விஸ்வம்பரன்

எங்கள் புத்தன்துறைக் கள்ளுக்கடையில் கறி வைத்துக்கொண்டிருந்த ஔதக்குட்டி, ஒரு சினிமாவில் பிணமாக நடிக்கப் படுத்தவர், பதின்மூன்று வருடம் நான்கு மாதம் கழித்துத்தான் எழுந்தார். இடையில் அவர் சாகவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது, நகம் வளரவில்லை, மீசையில் ஒரு முடிகூட நரைக்கவில்லை. கள்ளுக்கடைதான் அந்த வருடமே நொடித்துப் போனது. அவருக்குப் பின்னால் வந்தவன் வைத்த வாத்துக்கறியைத் தின்றவர்கள் குடியையே விட்டுவிட்டார்கள்.

படுக்க வைத்தவர் டைரக்டர் விஸ்வம்பரன். அது அவருடைய முதல் படம். துபாயில் டயர்க் கடை வைத்திருந்த மைத்துனன் பணம் போட்டான். அதனால் தன்னை யாருக்கும் கட்டுப்படாத சுயேச்சைக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டார். அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. வாழ்க்கையை யாரும் நடுவில் வெட்டுவதில்லை, ஆகவே கட் என்ற சொல்லைத் தன் வாயால் சொல்லப்போவதில்லை என்பது. கேமராவில் ஃபிலிம் தீரும்போது ஷாட்டும் தீரும். அதுவரை எருமை நடந்தால் எருமையை எடுப்பார், எருமை போய்விட்டால் அது போன வழியை எடுப்பார். அன்றைக்கு ஔதக்குட்டி வீட்டு முற்றத்தில் சவப்பெட்டியை வைத்து, அவருக்கு வெள்ளைக் கையுறை மாட்டி, விரல்களில் ஜெபமாலை சுற்றி, பெட்டியைச் சூழ ஊரையே நிறுத்தி, சாவு வீட்டில் குடும்ப போட்டோ எடுக்கும் காட்சி. பத்து வருடம் உதவி டைரக்டராக இருந்த பழக்கதோஷத்தில் விஸ்வம்பரன் குனிந்து, "நான் கட் சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, கேட்டீரா?" என்று சொல்லிவிட்டார். ஔதக்குட்டி ஒப்புக்கொண்ட வேலையில் ஒரு நாளும் குறை வைக்காதவர். ஃபிலிம் தீர்ந்தது, ஊர்க்காரர்கள் கலைந்தார்கள், யூனிட் வேன் ஏறிப் போனது, அவர் எழவில்லை.

வேறு யார் சொல்லியும் பலிக்கவில்லை. பள்ளிவாசலிலிருந்து மெகாபோன் வாங்கிவந்து சர்ச் அச்சன் கட் சொன்னார். பஞ்சாயத்து மெம்பர் லெட்டர்பேடில் எழுதிவந்து சொன்னார். கொச்சியிலிருந்து வந்த மிமிக்ரிக்காரன் விஸ்வம்பரனின் குரலிலேயே சொன்னபோது மீசை ஒரு தடவை துடித்தது, அவ்வளவுதான். ஔதக்குட்டியின் மனைவி திரேசியா விதவைப் பென்ஷனுக்கு எழுதிப்போட்டாள். "மூச்சு இருக்கே சேச்சி, நான் எந்தக் கையால விதவைன்னு எழுதுவேன்?" என்றான் குமாஸ்தா. ஓட்டுப் போடும் நாளில் மட்டும் இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து அவரைத் தோணியில் தூக்கிக்கொண்டு போய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். திரேசியாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. தினமும் அவருடைய முகத்தைத் துடைப்பாள், கொசுவலை கட்டுவாள், ஈஸ்டருக்குக் கையுறை மாற்றுவாள், பக்கத்தில் உட்கார்ந்து கண்டபடி திட்டுவாள். திட்டினால் ஒருவேளை கோபம் வந்தாவது எழுவார் என்று நினைத்தாள். பாவம், அந்த ஆசை அவளை விட்டுப் போகவே இல்லை.

விஸ்வம்பரனுக்கு அந்தப் படம் ஒரு விருது வாங்கிக் கொடுத்தது. விருதுப் பத்திரத்தில் அவரை 'கட் சொல்லாத கலைஞர்' என்று அச்சடித்தார்கள். அதோடு அவருடைய வாய் நிரந்தரமாக அடைபட்டது. மைத்துனனின் டயர்க் கடை மூடியதும் அவர் டெலிவிஷனுக்குப் போய், மாமியார் விஷம் கலப்பதும் மருமகள் பாலை மாற்றி வைப்பதுமாக ஆயிரத்து முந்நூறு எபிசோடு எடுத்தார். அங்கேயும் கொள்கையை விடவில்லை. கைக்குட்டையை ஆட்டுவார், ஃப்ளோர் மேனேஜர் கட் சொல்வார். திரேசியா கேட்டுக்கொண்டதற்காக ஒரு தடவை ஊருக்கு வந்து ஔதக்குட்டி முன்னாலும் அந்தக் கைக்குட்டையை ஆட்டிப் பார்த்தார். ஈ ஒன்று பறந்தது.

"ஒரே ஒரு வார்த்தை சாரே. காதோட சொல்லிட்டுப் போங்க, நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

"சேச்சி, அது வார்த்தை இல்ல, வன்முறை."

அதற்குப் பிறகு திரேசியா ஒவ்வொரு டிசம்பரும் திருவனந்தபுரம் திரைப்பட விழாவுக்கு ரயிலேறினாள். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தாடிக்காரர்களோடு வரிசையில் நின்று, படம் முடிந்ததும் எழுந்து, "எங்க வீட்டுக்காரர எப்ப எழுப்பப் போறீங்க?" என்று கேட்பாள். அரங்கம் எழுந்து கைதட்டும். மரணத்தின் அரசியலை இதைவிடக் கூர்மையாக யாரும் கேட்டதில்லை என்று மேடையில் இருப்பவர் சொல்லுவார், நேரமாகிவிட்டதால் அடுத்த கேள்விக்குப் போவார். ஒரு வருடம் அவளுக்குப் பொன்னாடையும் போர்த்தினார்கள். அதை அவள் ஔதக்குட்டிக்குப் போர்த்திவிட்டாள்.

பதினான்காவது வருடம் அனகா என்ற பெண் விஸ்வம்பரனைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தாள். திரைப்படக் கல்லூரியில் அவருடைய கொள்கையைக் கரைத்துக் குடித்தவள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தி, வலது கையை வானத்தை நோக்கி உயர்த்தச் சொல்லி, "நான் கட் சொல்ற வரைக்கும் அப்படியே நில்லுங்க சார்" என்றாள். சீடப்பெண் சொன்னபடி அவரும் பெருமையாக நின்றார். பதினோராவது நிமிடம், அறுவடை முடிந்த வயலுக்கு ஓட்டிப்போன வாத்துக் கூட்டம் திசை மாறி முற்றத்துக்குள் நுழைந்தது. நானூறு வாத்துகள். சில அவருடைய பட்டு ஜிப்பாவில் ஏறின, மற்றவை செய்ய வேண்டியதைச் செய்தன. விஸ்வம்பரன் கொள்கையை மறந்து, "கட்! கட்!" என்று கத்தினார்.

ஔதக்குட்டி பெட்டியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "சாரே, ஓகேயா? இன்னொண்ணு போகணுமா?" என்றார். கையை உயர்த்தியபடியே நின்ற விஸ்வம்பரனை விட்டுத் திரும்பிப் பார்த்தார். நாற்பத்தொன்பது வயதில் திரேசியா நின்றுகொண்டிருந்தாள்.

"அடியே, உனக்கும் வேஷம் குடுத்துட்டாங்களா? நரைச்ச முடி அசலாட்டம் இருக்கே. சீக்கிரம் கழுவிட்டு வா, உன்னப் பாத்தா எனக்கு என்னமோ பண்ணுது."

திரேசியா சிரித்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, பதின்மூன்று வருட அழுகையையும் அழுதாள். "கழுவினா போகாது அச்சாயா" என்றாள். அவர் அவளுடைய தலைமுடியைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். கையுறையைக் கழற்றிவிட்டு இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

இதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டதால் அனகா கேமராவைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். குருவைப் போல அவளும் கட் சொல்லவில்லை. அந்தக் கடைசி ஷாட்டுக்கு விருது கிடைத்ததாகப் பேப்பரில் படித்தோம். விஸ்வம்பரன் உயர்த்திய கையோடு முற்றத்திலேயே நிற்கிறார். மூச்சு சீராக இருக்கிறது. கள்ளுக்கடை மறுபடியும் திறந்துவிட்டதால் ஊருக்கு வேறு குறை இல்லை. அந்தக் கையிலிருந்து தென்னை மரத்துக்குக் கயிறு கட்டி, கணவரின் முண்டுகளைத் திரேசியா காயப்போடுகிறாள். மழைக்காலத்தில் அவரைக் கூரை இறவாணத்துக்கு அடியில் நகர்த்தி வைப்பாள். அனகாவை ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லச் சொல்லலாமே என்று மெம்பர் கேட்டார்.

"அதுக்கு அவரு பொண்டாட்டி இருக்காங்கள்ல?" என்றாள் திரேசியா, துணியை உதறிக்கொண்டே. "டிசம்பர்ல வரிசையில வந்து நிக்கட்டும். எடம் புடிச்சு வைக்கறேன்னு சொல்லுங்க."