ஒன்பது, இடமிருந்து வலம்

கஜபதி செத்து மூன்று மாதமாகியும் திங்கட்கிழமைதோறும் பேப்பரில் வந்து பேசிக்கொண்டுதான் இருந்தான். கட்டுக்கதையில்லை. வாரம் ஒரு குறுக்கெழுத்துப் புதிர் அனுப்புவான், அச்சில் வர மூன்று மாதமாகும். "சார் அனுப்பினது இன்னும் பதினொண்ணு இருக்கும்மா, போடலாமா?" என்று பேப்பர் ஆபீஸ் பரந்தாமன் கேட்டபோது, கஜபதியின் பெண்சாதி விஜி சரி என்றுவிட்டாள்.

அந்தப் புதிர்களை அவிழ்த்து வாட்ஸ்அப் குழுவில் விளக்கம் எழுதுகிறவளும் விஜிதான். புனைபெயரில் போடுகிறவன் அவள் புருஷன் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கும் அவன் ஒருநாளும் விடை சொன்னதில்லை. ஆனால் ஒன்பதாம் எண், இடமிருந்து வலம், அவளுக்கென்றே வைத்தது. அதை மட்டும், புதிர் அனுப்புகிற அன்று காலையில், வீட்டில் நடந்ததை வைத்துப் போடுவான். குரங்கு தேங்காயைத் தூக்கிப்போனது, அவளுடைய புது மூக்குத்தி, எல்லாம் வந்தாயிற்று. "அதுல மட்டும் பொய் எழுத மாட்டேன்டி" என்பான்.

இன்று வந்தது கடைசிப் புதிர். அவன் போன அன்று காலையில் அனுப்பியது. பேப்பரைப் பிரிக்க விஜிக்குக் கை வரவில்லை.

அன்றைக்கு என்ன பெரிய சண்டை? ஒரு மண்ணுமில்லை. அவள் தம்பி கல்யாணத்துக்கு அவன் லீவு போடவில்லை, அவ்வளவுதான். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. உப்புமாவைத் தட்டில் கொட்டி, "துன்னா துன்னு, இல்லாட்டி எங்கனா போய்ச் சாவு பாவா" என்று புருஷனைப் பார்த்துக் கத்திவிட்டு, பிறந்த வீட்டுக்குப் பள்ளிப்பட்டு பஸ் ஏறிவிட்டாள். பத்து மணிக்கு, வேலைக்குப் போகிற வழியில், அரக்கோணம் பிளாட்பாரத்தில் அவன் சுருண்டு விழுந்தான்.

அவள் ஓடி வந்தபோது தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. தின்றானா, தெருநாய்க்குப் போட்டானா? வயிறு காயத்தான் ரயில் ஏறினானா? மூன்று மாதமாய் அவள் அடுப்படியில் நின்றால் போதும், முதுகுக்குப் பின்னால் பசியோடு வந்து நிற்கிறான். திரும்பிப் பார்க்க பயம். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குள் ரவையே வரவில்லை.

கோயில் மலைப்படியில் காவடிக்காரர்களின் அரோகரா சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. குழுவில் புஷ்பலதாவின் செய்தி வந்து விழுந்தது: "இன்னாக்கா, மணி பத்தாவுது, விளக்கத்தைக் காணோம்? எனக்கு ஒன்பது மட்டும் வரல."

விஜி பேப்பரைப் பிரித்தாள்.

"கரிப்பதோடு மா சேர, காலையில் வைத்ததை வழித்துத் தின்றேன் (4)."

ஐயோ, பாவா!

குழுவில் எழுதினாள். "கரிப்பது உப்பு. அதோட மா. உப்புமா, காலைல வெச்சது." அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை. "தின்னுட்டாருங்க. வழிச்சித் தின்னுட்டுதான் போயிருக்காரு."

"யாருக்கா?" என்று கேட்டாள் புஷ்பலதா.

விஜி போனைக் கவிழ்த்து வைத்தாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கால் கிலோ ரவை வாங்கக் கடைக்குப் போனாள்.