ஒரு நாள் பிந்தி வரும் ஆமென்

தங்கநேசத்தின் வீட்டுக் குளியலறை டைல்ஸில் வளர்ந்த பாசி, ஐப்பசி மழைக்குப் பிறகு குடும்ப ஜெபத்துக்கு வர ஆரம்பித்தது.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் குளியலறை வாசலைத் தாண்டி வந்து, யார் மேலும் ஈரம் படாமல் கூடத்து மூலையில் ஒதுங்கி உட்காரும். ஈரம் படுவதற்கு அங்கே ஆளும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் குடும்பமாகிவிட்டார்கள். கணவரும் கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். தங்கநேசம் ஒரு பாட்டுப் பாடுவாள், சங்கீதம் வாசிப்பாள், கண்ணை மூடி ஜெபிப்பாள். பாசிக்கு எதுவும் மெதுவாகத்தான் வரும். இன்றைய ஜெபத்துக்கு நாளைக்குத்தான் ஆமென் சொல்லும். முந்தின நாள் ஆமெனைக் கேட்டுவிட்டுப் பாட்டைத் தொடங்குவது அவளுக்குப் பழகிப்போயிற்று. வீட்டில் இன்னொரு தொண்டை இருப்பது ஆறுதலாகவும் இருந்தது.

பாசி டைல்ஸின் பளபளப்பைத் தின்று வாழ்ந்தது. மயிரிழை வெடிப்புகளில் காலை ஊன்றிக்கொண்டு, சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஜெபத்தில் உட்காருகிற உயிரைப் பட்டினி போடக்கூடாதென்று அவளும் தேய்த்துக் கழுவுவதை விட்டுவிட்டாள்.

மகள் ஷைனி பேறுகாலத்துக்கு வருவதாகப் போன் வந்த பிறகுதான் தங்கநேசத்துக்குக் கலக்கம் பிடித்தது. முந்தின வாரம் அவளே வழுக்கி, குழாயைப் பிடித்துத்தான் தப்பியிருந்தாள். ஏழு மாத வயிற்றோடு ஒருத்தி அந்தத் தரையில் எப்படிக் கால் வைப்பாள்?

மகன் ஜெபினுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, ஒரு குப்பி ஆசிட் வாங்கி ஊத்துங்க. அரை மணிக்கூர்ல சோலி முடிஞ்சிரும்."

"கூட இருந்து ஜெபிச்சத எப்பிடி மக்கா கொல்லுகது?"

"அப்போ போவச் சொல்லுங்க. ஷைனி விழுந்தா யாரு பதில் சொல்லுகது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்று ஜெபம் முடிந்ததும் மூலையைப் பார்த்துச் சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாத. பிள்ள வாறா, வயித்துப் பிள்ளக்காரி. நீ வேற எடம் பாக்கணும்."

பாசி யோசித்தது. யோசித்து முடிக்க மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

"சரி," என்றது. "சாப்பிட்டுட்டுப் போறேன்."

மிச்சமிருந்த பளபளப்பை அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்டது. கிளம்பும் அன்று வழிக்கு உதவட்டுமென்று கயிற்று மிதியடி ஒன்றை நனைத்துச் சுருட்டிக் கொடுத்தாள். அந்த வீட்டிலிருந்து யாரும் பிரயாண ஜெபம் இல்லாமல் படியிறங்கியதில்லை. பாசியையும் எதிரே உட்காரவைத்து, ஜெபின் வேலைக்குப் போனபோதும் ஷைனி கல்யாணமாகிப் போனபோதும் சொன்ன அதே ஜெபத்தைச் சொன்னாள்.

"போகிற இடத்தில் பலுகிப் பெருகச் செய்யும், ஆண்டவரே."

சொல்லி முடித்துத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் மேலே ஏறிப்போன ஜெபத்தை எப்படித் திருப்பிக் கேட்பது? பாசி மிதியடியை எடுத்துக்கொண்டு மழையோடு மழையாகப் போயிற்று. அந்த ஜெபத்துக்கு மட்டும் ஆமென் பாக்கியிருந்தது.

மறுநாள் ஷைனி வந்தாள். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"எம்மா, டைல்ஸு ஏன் சொரசொரன்னு கெடக்கு? முன்னால மொகம் பாக்கலாமே அதுல."

"அத அது தின்னுட்டு மக்ளே."

"நல்லதாப் போச்சு. காலு நல்லாப் பிடிக்குது."

சாயங்காலம் கோயில் மணி அடித்தது. இருவரும் பாயில் உட்கார்ந்தார்கள். மூலை காய்ந்து கிடந்தது. தங்கநேசம் பாட்டைத் தொடங்கவில்லை.

"யாருக்கும்மா காத்திருக்கோம்?"

"ஒரு ஆமென் வரணும்."

முதலில் பக்கத்து வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது. பிறகு எதிர்வீடு, அதற்கடுத்த வீடு, அப்படியே தெருக்கோடி வரைக்கும் ஒவ்வொரு குளியலறையிலிருந்தும் ஆமென் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அது முடியும்வரை தண்ணீர் ஊற்றாமல் நின்றார்கள்.

தங்கநேசம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். இத்தனை பேர் கேட்கிறார்களென்று அன்றைக்குக் கொஞ்சம் சத்தமாகவே ஜெபித்தாள். தெருவிலுள்ள எல்லார் கால்களும் வழுக்காமல் காக்கும்படி, வீட்டு வரிசைப்படி, ஒருவரையும் விடாமல் பெயர் சொல்லிக் கேட்டாள்.

முடிந்ததும் ஷைனி ஆமென் சொன்னாள். வயிற்றிலிருந்த பிள்ளை, தான் நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டது.