பென்சிலில் எழுதுங்க சார்

எங்கள் வானிலை அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் புயலக்கா. வைத்தவர் எங்கள் அதிகாரி. நான் மழை என்று எழுதினால் தூறல் என்று திருத்துவார். பலத்த காற்று என்றால் மிதமான காற்று. "புயலக்கா பத்துன்னா அஞ்சுன்னு எடுத்துக்கணும்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு காலை, படகுகள் கிளம்பவே வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். வெளியில் நின்று அளவெடுக்கிறவர்கள் நாங்கள். எதையும் பென்சிலில்தான் எழுதுவோம். மழை பட்டால் மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. ஆனால் ரப்பருக்கு அழியும். அவர் அழித்தார். என் கையெழுத்தை மட்டும் விட்டுவிட்டு, அதற்கு மேல் மிதமான காற்று என்று எழுதி அனுப்பினார். அதை நம்பிப் படகெடுத்தவர்களில் என் தம்பியும் ஒருவன். உடல் கிடைக்க நான்கு நாள் ஆயிற்று.

விசாரணையில் பழியை என் தலையில் கட்டினார். தம்பி போன துக்கத்தில் ஏதோ உளறுகிறேன் என்று எனக்காகப் பரிதாபம் வேறு பட்டார். என்னைக் கோப்பு அறைக்குத் தள்ளினார்கள். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அம்மாவைத்தான் பொறுக்க முடியவில்லை. நீ எழுதிய காகிதத்தை நம்பித்தானே போனான் என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதோடு பேச்சு நின்றது. சாப்பாட்டை வைத்துவிட்டு டம்ளரால் மேசையைத் தட்டுவாள். நான் எழுந்து போய்ச் சாப்பிட வேண்டும்.

ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அலுவலகத்தில் எல்லோரும் கடலோரமாகக் கலங்கரை விளக்கம் வரை நடப்போம். குன்றின் மேல் சுற்றிப் போகும் பாதை ஒன்று. கீழே பாறைகளை ஒட்டிய குறுக்குப்பாதை ஒன்று. கடல் ஏறினால் அது இருக்காது. இந்த வருடம் கிளம்பும்போது, வானம் என்ன சொல்கிறது என்று அவர் எல்லோர் முன்னாலும் என்னைச் சீண்டினார். மேற்கே மேகத்தைப் பார்த்தேன். இரண்டு மணிக்குள் புயற்காற்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"மத்தியானமா லேசா தூறலாம் சார்."

"அப்ப வெயில்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எல்லோருக்கும் முன்னால் கலங்கரை விளக்கத்தில் போய் நின்று கேலி செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. கீழ்ப்பாதையில் இறங்கினார். துணைக்கு வருகிறேன் என்று நான் ஒருத்திதான் கூடப் போனேன். வெயில் அடித்தது, மூடுபனி வந்தது, தூறியது, மறுபடி வெயில். ஒவ்வொரு வெயிலுக்கும் திரும்பி, பார்த்தாயா என்று பல்லைக் காட்டினார். ஒன்றரை மணிக்குப் பிறகு வெயில் வரவில்லை. காற்று திரும்பியது. முன்னாலும் பின்னாலும் பாதையை அலை மூடியது.

நடுவழியில் பாறையில் ஏற இரும்புப் படிகள் அடித்திருக்கிறார்கள். கீழே இரண்டு படிகள் துருப்பிடித்து விழுந்துவிட்டன. போன வாரமே வந்து பார்த்து வைத்திருந்தேன். என்னைத் தூக்கி விடுங்கள், மேலே போய் உங்களை இழுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் குனிந்தார். சேற்றோடு ஷூவை அவர் தோளில் வைத்து ஏறினேன். ரொம்ப நன்றாக இருந்தது.

மேலே உட்கார்ந்து, பென்சில் கட்டிய குறிப்பேட்டை என் தோள்பையிலிருந்த மெல்லிய கயிற்றில் இறக்கினேன்.

"அன்னிக்கு நான் என்ன எழுதினேன், நீங்க என்ன மாத்தினீங்க. அதை எழுதிக் குடுங்க."

முதலில் சிரித்தார். முழங்கால்வரை தண்ணீர் வந்ததும் கத்தினார். பிறகு பிள்ளைகள் பெயரைச் சொல்லி அழுதார். மிரட்டி வாங்கியதாக அலுவலகத்தில் சொல்வேன் என்றார். தாராளமாகச் சொல்லுங்கள், இதைப் படிக்கப் போவது ஒரே ஒரு ஆள்தான் என்றேன். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த நிலையிலும் மனுஷனுக்குப் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

"பேனா வேணாம் சார். பென்சில்ல எழுதுங்க."

எழுதினார். மேலே இழுத்துப் படித்தேன். எல்லாம் இருந்தது, நேரம் இல்லை. நேரம் போடாத குறிப்பு செல்லாது என்று எனக்கு வேலை கற்றுத் தந்தவரே அவர்தான். மறுபடி இறக்கினேன். இரண்டு பத்து என்று போட்டுக் கையெழுத்திட்டார். அலை இடுப்பை அறைந்தது.

குறிப்பேட்டைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டேன். கை நீட்டவில்லை. தம்பியும் இப்படித்தான் கத்தியிருப்பான், நனையட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் தோள்பையின் வாரைக் கீழே விட்டு இழுத்துப் போட்டேன். பாறையில் குப்புற விழுந்து வாந்தி எடுத்தார். அவரை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். எழுத்து ஒன்றுகூடக் கரையவில்லை. யாரிடம், எங்கே, எப்படி எழுதி வாங்கினேன் என்று எல்லாவற்றையும் நானே சொன்னேன். அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள் என்று காத்து நின்றேன். குறிப்பேட்டை மூடி மேசைமேல் வைத்தாள். மூன்று வருடம் கழித்து என் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"இடுப்பு வரைக்கும்மா."

"அப்புறம் எதுக்குடி அவனைத் தூக்கி விட்டே?"