நடுத்தட்டு வரைக்கும்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். பள்ளியில், பஸ்ஸில், பல் தேய்க்கும்போதுகூட வாய் ஓயாது. அப்பேர்ப்பட்டவளுக்குச் சபை ஜெபத்தில் மட்டும் நாக்கு எழவில்லை. பதின்மூன்று வயதாகிவிட்டது. கூட வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஆவியில் நிறைந்து, ஆண்டவருக்கு மட்டுமே புரிகிற அந்நிய பாஷை பேசிவிட்டார்கள். இவள் மட்டும் கண்ணை இறுக்கிக்கொண்டு, "அல்லேலூயா, அல்லேலூயா" என்று அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா விடுவாளா? "இவ அபிஷேகம் வாங்கி அந்நிய பாஷை பேசுற வரைக்கும் புதனும் வெள்ளியும் எனக்கு உபவாசம்" என்று சொல்லிவிட்டாள். சலவைக் கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? நான்காவது வெள்ளிக்கிழமை மயங்கி, சூடான பெட்டி மேலேயே சாய்ந்தாள். கையில் நீளமாக வெந்துபோனது.

வாயாடிதான் மருந்து போட்டுவிட்டாள். "போதும்மா, சாப்பிடும்மா" என்று அழுதாள்.

"நீ வாயத் தொற, நான் வாயத் தொறக்கிறேன்" என்றாள் அம்மா.

அந்த ஞாயிறு, பாஸ்டர் அவளை முன்னால் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார். வாயருகே மைக்கை நீட்டினார். "நாவை ஒப்புக்கொடும்மா, ஆண்டவர் பேசுவார்."

அவள் அம்மாவின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். ஆண்டவரே, மன்னிச்சிடும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, வாயில் வந்ததை அவிழ்த்துவிட்டாள். வந்ததோ அப்பாவின் பைக் மெக்கானிக் கடை! அங்கே பாகங்கள் வைத்த பெட்டிகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டியது அவள்தானே. அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தாள்.

"டாப்பெட்டா ராக்கரா காஸ்கெட்டா... பேரிங்கா சர்க்ளிப்பா..."

சபையே எழுந்து கைதட்டியது. அம்மா முழங்காலில் விழுந்து தேம்பினாள். கடைசி வரிசையில், ஹெட்போனோடு சவுண்ட் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா மட்டும் வெடுக்கென்று தலையைத் தூக்கினார். போச்சு, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாலும் அவள் நிறுத்தவில்லை. நடுத்தட்டு முடிவதற்குள் அப்பாவின் விரல் நகர்ந்தது. கீபோர்டு சத்தம் ஓங்கி, அவள் குரல் அதற்குள் அமுங்கிப்போனது.

அன்று மதியம் அம்மா இரண்டு தட்டு சாப்பிட்டாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வாயாடியின் பக்கத்தில் அப்பா வந்து நின்றார்.

"கேட்டுட்டீங்களாப்பா?"

"பேரிங்குக்கு அப்புறம் ஆயில் சீல். அத விட்டுட்ட" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் பதினெட்டு வருஷமா வரலடா. அதான் மிக்ஸர்ல போய் உக்காந்துட்டேன். அங்க இருக்கிறவன யாரும் கேக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் சந்தோஷமாக வந்தது. "ஏங்க, புள்ளைக்கே வந்துடுச்சு! வர்ற புதன்லேர்ந்து உங்களுக்காக உபவாசம்!"

இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

செவ்வாய்க்கிழமை ஜெபக்கூட்டம். பாட்டு முடிந்ததும் அப்பா ஹெட்போனைக் கழற்றி வைத்தார். எழுந்து முன்னால் போனார். முழங்காலிட்டார். மனுஷனுக்குச் சட்டையெல்லாம் வியர்வை. ஒரு பொய்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாதவர், பாவம்! கண்ணை மூடினார், தொண்டையைச் செருமினார்.

"புஷ்ஷா... ஸ்ப்ராக்கெட்டா... செயினா..."

கீழ்த்தட்டு. அவள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். வாயாடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல், "ஆமென்" என்று கத்தினாள்.

மறுநாள் புதன்கிழமை. அம்மா வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.