மூன்றாவது நிமிடம்

நாகா கண்களை மூடிக்கொண்டு பாடுகிறான், நரைத்த சடை இடுப்புவரை தொங்குகிறது, இருபதாயிரம் பேர் அவனோடு சேர்ந்து அசைகிறார்கள், நான் அவனுக்கு இடப்பக்கம் பேஸ் கித்தாரோடு நிற்கிறேன், இருபத்தைந்து வருடமாக நிற்கும் அதே இடப்பக்கம், வெயில் இன்னும் இறங்கவில்லை, ‘லாரி வருது’ பாட்டு தொடங்கி ஒரு நிமிடம் ஆகிவிட்டது, இன்னும் இரண்டு நிமிடத்தில் அது வரும், வரக்கூடாது என்று ஒவ்வொரு மேடையிலும் வேண்டிக்கொள்கிறேன், எந்தச் சாமிக்கும் காது கேட்டதில்லை.

எட்டாங்கட்டை, அதாவது எட்டாவது மைல், என்பது எங்கள் குழுவின் பெயர், நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றபின் எங்களை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டிய அடுக்குமாடி இருக்கும் இடத்தின் பெயரும் அதுதான், பாட நாகா, ட்ரம்ஸுக்குச் சூசை, பேஸுக்கு நான், மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டம், அதுவும் அடிவாங்கிப் படித்த சட்டம், முதல் கச்சேரியில், ஒரு கல்யாண மண்டபத்தில், இரண்டு கேங் முறைத்துக்கொண்டபோது பயந்துபோய் வாசிப்பதை நிறுத்தினோம், நிறுத்திய நொடியே நாற்காலிகள் பறந்தன, மாப்பிள்ளைக்கு மண்டை உடைந்தது, சூசைக்கு இரண்டு பல் போனது, ரத்தம் ஒழுகும் அவன் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே நாகா சொல்கிறான், இனிமே கூரையே விழுந்தாலும் பாட்ட நிறுத்தக்கூடாதுடா, பாட்டு நின்னாத்தான் அடி தொடங்குது. சொன்னது சரியாகத்தான் இருந்தது, கத்தியோடு வந்தவன் அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடியதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன், தாளம் ஓடுகிறவரை யாரும் யாரையும் வெட்டுவதில்லை என்று நாங்களும் முட்டாள்தனமாக நம்பிவிட்டோம்.

பல வருடங்களுக்கு முன், மலேசியாவின் கிள்ளான் ஊர்த் திடலில் அன்றைக்கும் இதே வெயில், இதே பாட்டு, கச்சேரியை ரெக்கார்ட் செய்கிறார்கள், நாகா இதே போலக் கண்களை மூடியிருக்கிறான், என் பக்கத்து ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால், மேடைக்கும் வேனுக்கும் நடுவே, நாகாவின் தம்பி பத்துமலை நிற்கிறான், கேங்கை விட்டுக் கழன்று துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்தவன், அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், மூன்று பேர் பாராங் கத்தியோடு வருகிறார்கள், நான் நின்ற இடத்திலிருந்து மட்டும்தான் அந்தச் சந்து தெரியும், முதல் வெட்டு தோளில், அவன் கத்தினான், என் வாய்க்கு முன்னால் இருந்த மைக் அந்தச் சத்தத்தை அப்படியே வாங்கிக்கொண்டது, இரண்டாவது வெட்டு கழுத்தில், அவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டுகிறான், அவர்கள் ஓடிவிட்டார்கள், நான் வாசிக்கிறேன், பாட்டு முடிய இன்னும் நாலு நிமிடம், நான் வாசிக்கிறேன், அவன் கை மண்ணைப் பறண்டுகிறது, சட்டம் சட்டம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன், சட்டமாவது மண்ணாங்கட்டியாவது, பயம், என்னையும் வெட்டிவிடுவார்களோ என்ற பயம், அவ்வளவுதான்.

கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாரு என்றார் டாக்டர், நாகா என் சட்டையைப் பிடித்துக் கேட்டான், நீ அந்தப் பக்கம்தான நின்ன, ஒன்னும் பாக்கலியா மச்சான், இல்ல மச்சான், லைட்டு கண்ண கூசுச்சு என்றேன், பட்டப்பகலில் என்ன லைட்டு என்று அவன் கேட்கவில்லை, என்னை நம்பினான். பாவி, இன்றுவரை நம்புகிறான். அந்த ரெக்கார்டிங்தான் எங்களைப் பெரிய ஆளாக்கியது, மூன்றாவது நிமிடத்தில் வரும் அலறலை யாரோ ரசிகன் குஷியில் போட்ட கூச்சல் என்று ஊரே நினைத்தது, போகிற மேடையிலெல்லாம் அந்த இடம் வந்தால் கூட்டம் சேர்ந்து அலறும், சிங்கப்பூரில், பினாங்கில், நேற்றுப் பிறந்த பையன்கள் தங்கள் ராப் பாட்டில் அதை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், செல்பேசி மணியாக வைத்திருக்கிறார்கள், நாகா அந்த இடத்தில் சிரித்தபடி மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவான், தம்பியின் சாவை இன்னொரு தரம் கத்தச் சொல்லி.

இதோ நீட்டுகிறான், இருபதாயிரம் தொண்டை அலறுகிறது, கழுத்தில் வெட்டு விழுந்தது எனக்குத்தான் என்பது போல விரல்கள் செத்துப்போகின்றன, பேஸ் நின்றுவிட்டது, சூசை மட்டும் அடித்துக்கொண்டிருக்கிறான், நாகா கண்ணைத் திறந்து என்னிடம் வருகிறான், என்னாச்சு மச்சான், கம்பி அறுந்துருச்சா, இல்ல நாகா, அது பத்துமலையோட சத்தம்டா, நான் பாத்தேன், பாத்துக்கிட்டே வாசிச்சேன். அவனுக்கு முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது, மைக்கைப் பிடித்த கை உயர்ந்தது, என் வாயில் இறங்கியது, அந்த அடி ஸ்பீக்கர்களில் இடிபோல விழுந்தது, மறுபடி ஓங்கினான், நான் முகத்தைத் திருப்பவில்லை, அடிடா என்றேன் உடைந்த பல்லோடு, கீழே கூட்டம் இதையும் கச்சேரியில் சேர்த்துக்கொண்டு, கைகளைத் தூக்கி, இன்னும் உரக்க, பத்துமலையின் குரலில் அலறியது, நாகா மைக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான்.